மருத்துவத் தகவலைத் தேடுவது எப்படி? நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

நோயைப் பற்றியோ, சிகிச்சையைப் பற்றியோ, அரசு உதவித் திட்டத்தைப் பற்றியோ அறிந்துகொள்ள இணையதளத்தின் தேடல் பெட்டியில் சில சொற்களை உள்ளிடுகிறீர்கள். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்னும் அறிவிப்பு தோன்றுகிறது. அத்தகவலே அத்தளத்தில் இல்லை, அத்தகைய உதவியே கிடையாது என்று கருதிப் பலர் தேடுவதை நிறுத்திவிடுகின்றனர்.

அவ்வறிவிப்பின் பொருள் அதுவன்று. நீங்கள் உள்ளிட்ட அதே சொல் அப்பக்கங்களில் இல்லை என்பதே அதன் பொருள். சொல்லை மாற்றினால் தகவல் கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கான வழிமுறைகளைத் தருமபுரி மாவட்ட மக்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டுகளுடன் இப்பக்கம் விளக்குகிறது.

தேடல் பெட்டி எவ்வாறு செயல்படுகிறது?

இணையதளத்தில் உள்ள பக்கங்களில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்பதை ஒரு சொல்லடைவாகத் தேடல் கருவி தொகுத்து வைத்திருக்கும். நீங்கள் உள்ளிடும் சொல் அந்த அடைவில் இருந்தால், அது இடம்பெறும் பக்கங்களைப் பட்டியலிடும்.

உலகளாவிய பெரிய தேடுபொறிகள் எழுத்துப் பிழையைத் திருத்தவும், இணையான சொல்லைக் கண்டறியவும் ஓரளவு கற்றுள்ளன. ஆனால், ஒரு துறையின் இணையதளத்திலோ மருத்துவமனையின் இணையதளத்திலோ உள்ள சிறிய தேடல் பெட்டிகள் பல, உள்ளிட்ட எழுத்துகளை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ‘சர்க்கரை நோய்’ என்று நீங்கள் தேடும்போது, ‘நீரிழிவு’ என்று எழுதப்பட்ட பக்கம் அதற்குத் தெரியாமல் போகலாம். உங்கள் சொல்லுக்கும் பக்கத்தை எழுதியவரின் சொல்லுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதே தேடுபவரின் முதல் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு: குழந்தையின் பற்களில் பழுப்புக் கறை

பென்னாகரம் வட்டத்தில் வாழும் ஒரு தாய், தம் குழந்தையின் முன்பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் இருப்பதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பின்வருமாறு தேடக்கூடும்.

முதல் முயற்சி: ‘என் பிள்ளைக்குப் பல்லில் கறை இருக்கிறது என்ன செய்வது’. இத்தனை சொற்களும் ஒருசேர இடம்பெறும் பக்கம் பெரும்பாலும் இராது. எனவே, முடிவுகள் கிடைப்பது அரிது.

இரண்டாம் முயற்சி: ‘பல் கறை’. இப்போது முடிவுகள் வரும். ஆனால், அவற்றுள் பல புகையிலைக் கறை, பல் வெண்மையாக்கும் பசை, பல் துலக்கும் முறை ஆகியவை பற்றியனவாக இருக்கும். இவற்றை மட்டும் படிப்பவர், குழந்தை சரியாகப் பல் துலக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து, குழந்தையைக் கடிந்துகொள்ளவும் கூடும்.

மூன்றாம் முயற்சி: ‘பல் கறை குடிநீர்’. அறிகுறியுடன், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒன்றையும் சேர்த்தவுடன் தேடலின் திசை மாறுகிறது. நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றிய பக்கங்கள் மேலே வருகின்றன. அவற்றில் ‘ஃபுளோரோசிஸ்’ என்னும் நோய்ப்பெயர் கிடைக்கிறது.

நான்காம் முயற்சி: ‘ஃபுளோரோசிஸ் தருமபுரி’. மாவட்டத்திற்குரிய தகவல்களை இப்போது அடையலாம்.

முதல் தேடலிலேயே விடை கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தேடலில் கிடைக்கும் புதிய சொல்லை அடுத்த தேடலுக்குப் பயன்படுத்துங்கள். இடையில் நின்றுவிட்டால் என்ன இழப்பு என்பதையும் இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. சரியான பக்கத்தை அடைந்தவர் பின்வருவனவற்றை அறிந்துகொள்வார்:

• தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1.0 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டுமே 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படும்.

• பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகுவதால் பற்களில் இக்கறை ஏற்படுகிறது. இது துலக்குவதால் நீங்காது. பல ஆண்டுகள் தொடர்ந்து பருகினால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படலாம்.

• நீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

• ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரை வழங்குவதற்காக உருவாக்கப்பட்டது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

• நீரின் தரத்தைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பல் வெண்மையாக்கும் பசை பற்றிய பக்கத்தோடு நின்றுவிட்டவருக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. அக்குழந்தையும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தையும் அதே ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து பருக நேரும்.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

1. இரண்டு அல்லது மூன்று சொற்கள் போதும். ‘எப்படி’, ‘என்ன செய்வது’, ‘தயவுசெய்து’ போன்றவற்றைத் தவிர்க்கவும். நோய் அல்லது உறுப்பு, நீங்கள் அறிய விரும்புவது, தேவையெனில் ஊர் என்ற வரிசையில் உள்ளிடவும். எடுத்துக்காட்டு: ‘சிறுநீரகம் டயாலிசிஸ் தருமபுரி’.

2. வேற்றுமை உருபுகளை நீக்கவும். ‘பக்கவாதத்திற்கு’, ‘பக்கவாதத்தால்’, ‘பக்கவாதம்’ ஆகியவை நமக்கு ஒரே நோயைக் குறிப்பவை. எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். ‘பக்கவாதம்’ என்று தேடவும். அதுவும் பயன்தராவிடில் ‘பக்கவாத’ என்று நிறுத்திப் பார்க்கவும். சொல்லின் ஒரு பகுதியைக் கொண்டும் தேடவல்ல கருவிகளில் இது மூன்று வடிவங்களையும் கொண்டுவரும்.

3. ஒற்றெழுத்தை இட்டும் இடாமலும் பார்க்கவும். ‘மருத்துவக் காப்பீடு’ என்றும் ‘மருத்துவ காப்பீடு’ என்றும் இருவகையாகவும் இணையத்தில் எழுதப்பட்டுள்ளது. ‘சிறுநீரகக் கல்’, ‘சிறுநீரகக்கல்’ எனச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவதுண்டு.

4. பிறமொழிச் சொற்களின் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்க்கவும். ஃபுளோரைடு, புளோரைடு, ஃப்ளோரைடு, புளூரைடு என ஒரே பொருளின் பெயர் பல வடிவங்களில் எழுதப்படுகிறது. இரத்தம், ரத்தம் என்பவற்றுக்கும் இது பொருந்தும். தமிழில் கிடைக்காவிடில் அதே சொல்லை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

5. மேற்கோள் குறிகளைக் கவனத்துடன் பயன்படுத்தவும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால், பல தேடுபொறிகள் அச்சொற்றொடர் அதே வரிசையில் வரும் பக்கங்களை மட்டுமே காட்டும். ஒரு திட்டத்தின் முழுப்பெயரைச் சரியாக அறிந்திருந்தால் இது உதவும். ஓர் ஒற்று மாறியிருந்தாலும் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

6. குரல்வழித் தேடலில் எழுத்தைச் சரிபார்க்கவும். தட்டச்சு செய்ய இயலாதவர்கள் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசலாம். பேசியது திரையில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்துப் பார்த்த பின்பே தேடவும். படிக்க இயலாத முதியவருக்கு வீட்டில் உள்ள மாணவர் ஒருவர் உதவலாம்.

வழக்குச் சொல்லும் மருத்துவச் சொல்லும்

வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று. மருத்துவப் பக்கங்களில் உள்ள பெயர் மற்றொன்று. கீழ்க்கண்டவற்றை ஒன்றுக்கொன்று மாற்றித் தேடவும்.

• சர்க்கரை, சுகர்: நீரிழிவு நோய்
• பி.பி., பிரஷர்: உயர் இரத்த அழுத்தம்
• டி.பி., எலும்புருக்கி நோய்: காசநோய்
• ஃபிட்ஸ், காக்காய் வலிப்பு: வலிப்பு நோய், கால்-கை வலிப்பு
• ஸ்ட்ரோக், கை கால் விழுதல்: பக்கவாதம்
• இரத்தம் குறைவு, அனீமியா: இரத்தசோகை
• கிட்னி ஃபெயிலியர்: சிறுநீரகச் செயலிழப்பு
• டயாலிசிஸ்: சிறுநீரகச் சுத்திகரிப்பு, இரத்தச் சுத்திகரிப்பு

நோயின் பெயர் உங்களுக்குத் தெரியாவிடில், மருத்துவரிடம் அல்லது செவிலியரிடம், ‘இந்நோயின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தாருங்கள்’ என்று கேட்டுப் பெறவும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் விடுவிப்புச் சுருக்கத்திலும் நோயின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கும். தேடலுக்கு மிக நம்பகமான சொல் அதுவே.

ஊர்ப்பெயர், மாவட்டப் பெயர்

அரசு ஆவணங்களில் ‘தருமபுரி’ என்றும், செய்திகளிலும் பேச்சு வழக்கிலும் ‘தர்மபுரி’ என்றும் வழங்குகிறது. இரண்டையும் தேடவும். அரூர், ஹரூர், பென்னாகரம், பெண்ணாகரம், ஒகேனக்கல், ஹொகேனக்கல் ஆகியவற்றுக்கும் இவ்வாறே செய்யவும்.

சிற்றூரின் பெயரால் எதுவும் கிடைக்காவிடில் வட்டத்தின் பெயரைப் பயன்படுத்தவும். தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகியவை இம்மாவட்டத்தின் வட்டங்கள். அடுத்து மாவட்டத்தின் பெயராலும் தேடலாம்.

பழைய ஆவணங்களில் மற்றொரு சிக்கல் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் ஓசூர், கிருஷ்ணகிரி பற்றிய விவரங்கள் தருமபுரி மாவட்டத்தின் கீழ் இருக்கும். மருத்துவமனையைத் தேடும்போது மாவட்ட எல்லையோடு நின்றுவிட வேண்டாம். உங்களுக்குத் தேவையான சிறப்புச் சிகிச்சை சேலம் அல்லது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பட்டியலில் இருக்கலாம். அரூர்ப் பகுதியினருக்குத் திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களும் அண்மையில் உள்ளன.

அரசுத் திட்டங்களைத் தேடும்போது

திட்டங்களின் பெயர்கள் காலந்தோறும் மாறுகின்றன. மக்கள் நினைவில் பழைய பெயரும், இணையதளத்தில் புதிய பெயரும் இருக்கும்.

மருத்துவக் காப்பீடு இதற்குச் சான்று. 2009-இல் ‘உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’ தொடங்கப்பட்டது. 2012 முதல் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ நடைமுறையில் உள்ளது. 2018-இல் மத்திய அரசின் ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்டத்துடன் இது ஒருங்கிணைக்கப்பட்டது. ஒருங்கிணைந்த திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கான காப்பீடு உண்டு. ‘காப்பீட்டு அட்டை’ என்று மட்டும் தேடினால் தனியார் நிறுவன விளம்பரங்களும் கலந்து வரும். திட்டத்தின் முழுப்பெயருடன் ‘மருத்துவமனைகள்’ என்னும் சொல்லையும் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடவும்.

ஒத்த பெயர்களிலும் கவனம் தேவை. ‘மக்கள் மருந்தகம்’ மத்திய அரசின் திட்டம். ‘முதல்வர் மருந்தகம்’ 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. இரண்டிலும் குறைந்த விலையில் மருந்துகள் கிடைக்கும். ஒன்றைத் தேடினால் மற்றொன்றின் கடைகள் பட்டியலில் வாரா. இரண்டையும் தனித்தனியே தேடவும்.

மருந்துகளைத் தேடும்போது

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். நிறுவனம் இட்ட வணிகப்பெயர் ஒன்று. மருந்தின் பொதுப்பெயர் மற்றொன்று. பொதுப்பெயரைக் கொண்டு தேடவும். நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மின் பல வணிகப்பெயர்களில் விற்கப்படுகிறது. வணிகப்பெயரால் தேடினால் விற்பனைத் தளங்களே பெரும்பாலும் தோன்றும். பொதுப்பெயருடன் ‘பக்கவிளைவு’ அல்லது ‘உணவு’ என்று சேர்த்தால் விளக்கப் பக்கங்கள் கிடைக்கும். படித்ததன் அடிப்படையில் மருந்தின் அளவை மாற்றுவதோ மருந்தை நிறுத்துவதோ கூடாது. படித்ததைக் குறித்து வைத்து அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கவும்.

கிடைத்த பக்கத்தை நம்பலாமா?

• பக்கத்தை வெளியிட்டவர் யார் என்று பார்க்கவும். இந்திய அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடியும். பட்டியலின் உச்சியில் ‘விளம்பரம்’ என்ற குறிப்புடன் வருபவை கட்டணம் செலுத்தி இடம்பெற்றவை.

• எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கவும். காசநோயாளிகளுக்கான ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய பக்கத்தைப் படிப்பவர் தமக்குரிய தொகையைத் தவறாகப் புரிந்துகொள்வார். தேடும்போது நடப்பு ஆண்டையும் சேர்ப்பது நல்லது.

• யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்கவும். பெரியவர்களுக்கான மருந்தளவு குழந்தைகளுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் ஊட்டுவோருக்கும் தனி அறிவுரைகள் உண்டு.

• ‘முற்றிலும் குணமாகும்’, ‘ஒரே வாரத்தில் தீரும்’ என்று உறுதியளிக்கும் பக்கங்களை விலக்கவும்.

தேடல் பெட்டியில் ஆதார் எண், கைப்பேசி எண், நோயாளியின் பெயர் ஆகியவற்றை உள்ளிட வேண்டாம். நோய் பற்றிய தகவலை அறிய அவை தேவையில்லை.

எப்போது தேடக்கூடாது?

பின்வரும் நிலைகளில் ஒரு நிமிடமும் இணையத்தில் செலவிடாமல் 108 எண்ணை அழைக்கவும்:

• நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல்
• முகம் ஒருபுறம் கோணுதல், கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல்
• பாம்புக்கடி
• நிற்காத இரத்தப்போக்கு, நினைவிழத்தல், தொடர் வலிப்பு
• கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலியுடன் பார்வை மங்கல்

இரத்தக்கட்டியால் ஏற்படும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் வாழ்வோருக்குப் பயணத்திற்கே நெடுநேரம் தேவைப்படும். பாம்புக்கடிக்கு ‘வீட்டு வைத்தியம்’ தேடுவதும், கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும். கடிபட்டவரை நடக்க விடாமல், அசையாமல் வைத்து, பாம்புக்கடி நச்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

மீண்டும் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தால்

வேறு சொல், வேறு எழுத்துக்கூட்டல், குறைவான சொற்கள் ஆகிய மூன்றையும் முயன்ற பின்னும் கிடைக்கவில்லையெனில், தளத்தின் தலைப்புப் பட்டியல் வழியே உள்ளே சென்று பார்க்கவும். தேடல் பெட்டியால் எட்ட முடியாத பக்கங்களும் உண்டு. அரசாணைகள் பலவும் தாளிலிருந்து படமாக எடுக்கப்பட்டு ஏற்றப்பட்டவை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்பதற்கு முன், ஆவணங்கள் வேறு வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. மனிதக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அவ்வெழுத்துகளைத் தேடல் கருவியால் படிக்க இயலாமல் போகலாம்.

அதன் பிறகும் கிடைக்காவிடில் மனிதர்களிடம் கேட்கவும்:

• 104 மருத்துவ உதவி எண்ணில் உடல்நல ஆலோசனை பெறலாம்.
• மனநல உதவிக்கு 14416 எண்ணை அழைக்கலாம்.
• காப்பீட்டுத் திட்டம் பற்றிய ஐயங்களுக்கு 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண் உள்ளது.
• உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியோரை அணுகலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டிற்கு வரும்போதும் கேட்கலாம்.
• அரசு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர், காப்பீட்டுத் திட்டப் பிரிவு எங்குள்ளது என்று விசாரித்து அங்கு விளக்கம் பெறலாம்.

செல்லும்போது நீங்கள் என்னென்ன சொற்களைக் கொண்டு தேடினீர்கள் என்பதைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லவும். நீங்கள் அறிய விரும்புவது என்ன என்பதை அவர் விரைவில் புரிந்துகொள்ள அது உதவும். அவர் கூறும் சரியான பெயரையும் அதே தாளில் எழுதி வாங்கி வரவும். அடுத்த முறை தேடல் பெட்டியில் உள்ளிட வேண்டிய சொல் அதுவே.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா. உங்கள் நோய்க்குரிய சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவரிடம் கலந்து முடிவெடுக்கவும்.